மகளை ‘இன்ட்ரோவர்ட்’ என்கிறார்கள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேச மாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் என்னோடும் தம்பியோடும் நன்றாகப் பேசுவாள். நெருங்கிய தோழி என்று ஒருத்தி இருக்கிறாள். சொந்தக்காரர்கள் ‘அமுக்குணி’ என்கிறார்கள். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, “உங்க பொண்ணு இன்ட்ரோவர்ட். இப்பவே சரி பண்ணணும். பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்புல சேத்து விடுங்க” என்றார். இது என்ன சொல், எங்கிருந்து வந்தது? நோயின் பெயரா? என் வளர்ப்பு சரியில்லை என்று மாமியார் சொல்கிறார். இந்த வருஷம் செமினார் எடுக்க வேண்டிய நாளில் மட்டும் வயிற்றுவலி என்று லீவு கேட்கிறாள். மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்ட்ரோவர்ட் என்பது நோயின் பெயர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் சரி, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலும் சரி, இன்று அப்படி ஒரு நோய் கிடையாது. அதற்கு மாத்திரையோ வைத்தியமோ தேவையில்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, செமினார் நாளில் வயிற்றுவலி என்று, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. அந்த வயிற்றுவலியும் ஆசிரியை சொன்ன சொல்லும் ஒரே விஷயம் போலத் தோன்றும். இரண்டும் வேறு வேறு. இந்தச் சொல்லின் கதை தெரிந்தால் அது விளங்கும் என்பதால் உங்கள் முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

லத்தீன் மொழியில் ‘இன்ட்ரோ’ என்றால் உள்ளே, ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புவது. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே இது வினைச்சொல்லாக வந்துவிட்டது. அப்போது அது ஆளைக் குறிக்கவில்லை. வெளியுலகிலிருந்து மனத்தை விலக்கித் தனக்குள் திருப்புவதை, தியானத்தைப் பற்றி எழுதியவர்கள் இப்படிச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் விலங்கியலாளர்களுக்கும் இந்தச் சொல் தேவைப்பட்டது. கடலடி மணலில் வாழும் ஒருவகைப் புழு தன் உடம்பின் முன்பகுதியை உள்ளே இழுத்து மடித்துக்கொள்ளும். அந்தப் பகுதிக்கு இன்றுவரை இதுதான் பெயர். ஒரு மனிதரைக் காட்டி ‘இவர் இன்ட்ரோவர்ட்’ என்று சொல்லும் வழக்கம் வந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

அதைக் கொண்டுவந்தவர் கார்ல் குஸ்தாவ் யுங். 1875இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், ஜூரிச் நகரின் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1909 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகம் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டையும் இவரையும் சொற்பொழிவாற்ற அழைத்தது. அங்கே யுங் ஒரு சிறுமியைப் பற்றிப் பேசினார். அவள் பெயர் அண்ணா என்றார். உண்மையில் அவள் அவருடைய மூத்த மகள். அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது வீட்டில் தம்பி பிறக்கிறான். குழந்தை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெரியவர்கள் சொல்லும் பதில் அவளுக்குப் போதவில்லை. அம்மாவிடம் ஒட்டாமல் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கிறாள், தனக்குத்தானே கற்பனையில் மூழ்குகிறாள். இதுவரை அம்மாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பாசத்தில் ஒரு பங்கு உள்ளே திரும்பிவிட்டது என்று யுங் விளக்கினார். அந்தத் திரும்புதலுக்கு அவர் வைத்த பெயர் ‘இன்ட்ரோவர்ஷன்’. உளவியலில் இந்தச் சொல் முதன்முதலில் தலைகாட்டிய இடங்களில் இது ஒன்று. ஒரு பெண் குழந்தை அமைதியாகிவிட்டதைக் கூர்ந்து பார்த்த அப்பாவின் பேச்சில் இந்தச் சொல் பிறந்தது என்பது, உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கட்டத்தில் அது ஆளுக்கு வைத்த பட்டமாக இருக்கவில்லை. மனம் சில சமயம் செய்கிற ஒரு காரியத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான்.

நான்கு வருஷம் கழித்து, 1913இல், ம்யூனிக் நகரில் நடந்த மாநாட்டில் யுங் அதை விரித்துப் பேசினார். அப்போது அவர் எடுத்துக்காட்டியது நோயாளிகளை. ஹிஸ்டீரியா கண்டவர்களின் மனம் வெளிப்பக்கமே பாய்கிறது, இன்று ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்கிறோமே, அந்த நோய் கண்டவர்களின் மனம் உள்பக்கமே போகிறது என்று ஒப்பிட்டார். ஃப்ராய்டும் அவரும் கடைசியாக நேரில் சந்தித்தது அந்த மாநாட்டில்தான். அதற்குப் பிறகு வியன்னாவில் பேசிய ஃப்ராய்ட், கற்பனைக்குள் திரும்பிவிட்டவர் இன்னும் நோயாளி ஆகிவிடவில்லை, ஆனால் நிலையில்லாத இடத்தில் நிற்கிறார், இன்னொரு அசைவு வந்தால் நோய்க்குறி வெளிப்பட்டுவிடும் என்ற பொருளில் சொன்னார். உங்கள் ஆசிரியை ‘இப்பவே சரி பண்ணணும்’ என்று பதறினாரே, அந்தப் பதற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. சொல்லை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். சொல்லோடு சேர்ந்து அதன் பழைய ஆஸ்பத்திரி வாடையும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் யுங் அங்கேயே நிற்கவில்லை. 1921இல் மனிதர்களின் உள இயல்புகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஜெர்மன் மொழியில் வந்த அது இரண்டே வருஷத்தில் ஆங்கிலத்துக்கும் போனது. நோயாளிகளுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை அதில் எல்லா மனிதருக்கும் பொதுவாக ஆக்கினார். புதிதாக ஓர் ஆள் வருகிறார், ஒரு சம்பவம் நடக்கிறது என்றால் சிலருடைய மனம் உடனே அதை நோக்கிப் போகும். வேறு சிலருடைய மனம் அதை உள்ளே வாங்கி, தனக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வெளியே வரும். இரண்டுமே ஆரோக்கியமான வழிகள், இரண்டுமே எல்லாரிடமும் உண்டு, ஒன்று சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். முழுக்க முழுக்க உள்பக்கமோ வெளிப்பக்கமோ இருக்கிற மனிதர் கிடையாது, இருந்தால் அவர் மனநலக் காப்பகத்தில்தான் இருப்பார் என்று 1957இல் ஒரு பேட்டியிலும் சொன்னார். சகோதரி, இதில் ஒன்றைக் கவனியுங்கள். குறைவாகப் பேசுகிறவர் என்பது அவர் கொடுத்த பொருள் இல்லை. மேடையில் ஒரு மணி நேரம் சரளமாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்தால்தான் தெளிகிறவரும் அவர் கணக்கில் இன்ட்ரோவர்ட்தான்.

‘பேசாதவர்’ என்ற அர்த்தம் மெல்ல மெல்லத்தான் ஒட்டிக்கொண்டது. 1940களில் அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் யுங்கின் கருத்தை வைத்து ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். நான்கு எழுத்தில் ஆளைச் சொல்லும் அந்தச் சோதனை பின்னாளில் கம்பெனிப் பயிற்சிகளுக்குள் போனது, இன்று செல்போனில் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பார்க்கிறார்கள். ஆளை இந்தப் பெட்டியா அந்தப் பெட்டியா என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தத் துறையில் இன்று ஆய்வு செய்கிற பெரும்பாலோரும் அப்படிப் பிரிப்பதில்லை. உயரம் போலத்தான் இது. மிகக் குட்டை, மிக நெட்டை என்று இருப்பவர்கள் கொஞ்சம், நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அந்த நடுவாந்தரக்காரர்களைக் குறிக்க ‘ஆம்பிவர்ட்’ என்ற சொல் 1920களிலேயே வந்துவிட்டது.

இனி மாமியாரின் குற்றச்சாட்டு. வளர்ப்பால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஒரே மரபணு கொண்ட இரட்டையரையும், சாதாரண இரட்டையரையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில், இந்தக் குணத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி மரபணுவோடு தொடர்புடையது என்று வந்திருக்கிறது. லண்டனில் வேலை பார்த்த ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் இதை மூளையோடு தொடர்புபடுத்தினார். உள்முகமானவர்களின் மூளை இயல்பாகவே சற்று அதிக விழிப்பில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் கூட்டம் வந்தாலே அவர்களுக்குப் போதும் என்றாகிவிடுகிறது என்பது 1967இல் அவர் முன்வைத்த கருத்து. நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஊறும் எச்சிலை அளந்துகூடப் பார்த்தார்கள். உள்முகமானவர்களுக்கு அதிகம் ஊறியது. பின்னால் நடந்த எல்லா ஆய்வுகளும் ஐசெங்கின் பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மண்டபத்தில் நாதஸ்வரம், மைக், வீடியோ லைட், நாலு பக்கமும் விசாரிப்பு என்று வரும்போது உங்கள் மகள் ஏன் மூலையைத் தேடுகிறாள் என்பதற்கு இது ஒரு நியாயமான விளக்கம்.

ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்பவர் நான்கு மாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். புது பொம்மைகளைக் கண்முன் ஆட்டுவது, பதிவு செய்த குரலைக் கேட்க வைப்பது, ஆல்கஹால் வாடையைக் காட்டுவது என்று செய்து பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி, அழுது, பலமாக எதிர்வினை காட்டியது. புது இடம், புது முகம் என்றால் தயங்குகிற பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இவர்களிலிருந்துதான் வந்தார்கள். நான்கு மாதத்தில் எந்த அம்மாவின் வளர்ப்பு இதைச் செய்திருக்க முடியும்? மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். உங்கள் மனத்துக்குள் இருக்கும் குற்ற உணர்ச்சியை இறக்கி வைக்கச் சொல்கிறேன். இதே ஆய்வில் அடுத்த செய்தியும் உண்டு. பலமாக எதிர்வினை காட்டிய குழந்தைகளில் பலர் வளர வளரப் பயத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் ஊரையே கலகலக்க வைக்கிற பிள்ளைகளாக மாறியவர்கள் மிகக் குறைவு. பயம் போகலாம், சுபாவம் அவ்வளவு எளிதில் தலைகீழாக மாறாது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பயமும் சுபாவமும் வேறு வேறு என்பதுதான் உங்கள் மகள் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. தனிமை பிடித்திருப்பதால் ஒதுங்குகிற பிள்ளை இருக்கிறது. எல்லாரோடும் சேர ஆசை இருந்தும், என்ன நினைப்பார்களோ, சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தால் ஒதுங்குகிற பிள்ளையும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோனாதன் சீக், அர்னால்ட் பஸ் என்ற இருவர் 1981இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கூச்சமும், ஆட்களோடு இருக்கப் பிடிக்கும் குணமும் இரண்டு தனித்தனி அளவுகள். கூச்சமும் அதிகம், பழகும் ஆசையும் அதிகம் என்று இருந்தவர்கள்தான் புது ஆளோடு பேச விட்டபோது அதிகம் தவித்தார்கள். கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பழகும் ஆசை குறைவாக இருந்தவர்களுக்கு அந்த அளவு தவிப்பு இல்லை.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள். மனம்விட்டுப் பேச ஒரு தோழி இருக்கிறாள். கல்யாண வீட்டில் புத்தகம் கிடைத்தால் நிம்மதியாக இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே இப்படி. இதில் எனக்குக் கவலை தரும் ஒன்றுமே இல்லை, இது அவள் சுபாவம். ஆனால் வயிற்றுவலி இந்த வருஷம்தான் வந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில்தான் வருகிறது. சுபாவம் நாள் பார்த்து வராது. பயம்தான் நாள் பார்த்து வரும். நாலு பேர் முன்னால் நின்றால் அவமானப்பட்டுவிடுவோம் என்ற பயம் பதின்ம வயதின் தொடக்கத்தில்தான் பலருக்கும் முளைக்கிறது. அவளுக்கு இப்போது அந்த வயது.

முதலில் வலியைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தில் குடல் உண்மையாகவே பிசையும், வலி உண்மையாகவே இருக்கும். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு தொடங்கியிருந்தால் அந்த நாட்களோடு வலி ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு நாள் சமையலறையில் வேலை செய்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ இருக்கும்போது, முகத்துக்கு முகம் உட்கார வைக்காமல், செமினாரில் எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். வகுப்பில் யாராவது சிரித்தார்களா, உச்சரிப்பைக் கேலி செய்தார்களா, ஆசிரியர் ஏதாவது சொன்னாரா என்பது வெளியே வரலாம். இவளைப் போன்ற பிள்ளைகள் கேட்டவுடன் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தானாக வந்து சொல்வாள். அதுவரை காத்திருங்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

லீவு மட்டும் கொடுக்காதீர்கள். இதை அன்போடு, ஆனால் உறுதியாகச் சொல்கிறேன். லீவு போட்ட அன்று காலை பத்து மணிக்கு வலி போய்விடும். அந்த நிம்மதிதான் ஆபத்து. தப்பித்தால் பயம் போகும் என்று மனம் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை வலி முந்தைய நாள் இரவே வந்துவிடும். கேகனின் ஆய்வுக் குழுவிலேயே, எடுத்ததற்கெல்லாம் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்ட அம்மாக்களின் குழந்தைகளைவிட, இதமாக ஆனால் விடாமல் எதிர்பார்ப்பு வைத்த அம்மாக்களின் குழந்தைகளிடம் பயம் அதிகம் குறைந்திருந்தது என்று கண்டார்கள். பயத்தைச் சிறு சிறு படியாக உடைத்துக் கொடுப்பதுதான் வழி. செமினார் பாடத்தை முதலில் உங்களுக்கும் தம்பிக்கும் முன்னால் சொல்லட்டும். அடுத்து அந்தத் தோழியிடம். அடுத்து வகுப்பில், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒரு பத்தியைப் படிக்கட்டும். பிறகு தோழியோடு சேர்ந்து இருவருமாக முன்னால் நின்று ஆளுக்குப் பாதி. கடைசியில் தனியாக இரண்டு நிமிஷம். ஒரு படியில் படபடப்பு அடங்கும்வரை அதிலேயே திரும்பத் திரும்ப நிற்கலாம், அவசரம் இல்லை. இரண்டு நிமிஷம் பேசி முடித்துவிட்டு வந்தால், ‘பார்த்தியா, ஒண்ணுமே இல்லைல்ல’ என்று சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு அது பெரிய காரியம். பெரிய காரியம் செய்தவளைப் பாராட்டுவது போலவே பாராட்டுங்கள்.

இதற்கு ஆசிரியையின் துணை வேண்டும். அவர் உங்கள் மகளைக் கவனித்திருக்கிறார், அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், அதற்கு நன்றி சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். திடீரென்று எழுப்பிக் கேட்காமல் முதல் நாளே சொல்லி வைக்கும்படி கேளுங்கள். கேள்வி கேட்டபின் சற்று நேரம் காத்திருக்கும்படியும் கேளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடியாக ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். உள்ளே வாங்கி யோசித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைக்கு அந்த இரண்டு விநாடி எவ்வளவு பெரிய இடம் என்று யோசித்துப் பாருங்கள்.

பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பு? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மைக்கைக் கையில் கொடுத்து, முதல் நாளே மேடையேற்றி, கத்தச் சொல்லி, கைதட்ட வைக்கும் வகுப்புகள் நிறைய இருக்கின்றன. பயம் இருக்கிற பிள்ளைக்கு அது முதல் படியைத் தாண்டிக் கடைசிப் படியில் கொண்டுபோய் நிறுத்துவது. பயம் குறைந்தபின் அவளாக விரும்பினால் நாடகம், விவாதம், இசை என்று எதில் வேண்டுமானாலும் சேரட்டும். பயத்துக்கு மருந்தாகச் சேர்க்க வேண்டாம்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘அமுக்குணி’ என்ற சொல்லில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. உள்ளே எதையோ அமுக்கி வைத்திருக்கிறாள், வெளியே காட்ட மாட்டேன் என்கிறாள் என்று அது குற்றம் சாட்டுகிறது. ‘ஊமை ஊரைக் கெடுக்கும்’, ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பதெல்லாம் இதே ரகம். ஆனால் இதே ஊரில், இதே சொந்தத்தில், ஒரு தலைமுறைக்கு முன்பு இப்படி ஒரு பெண்ணை ‘அடக்கமான பொண்ணு’ என்று தேடிப்பிடித்துச் சம்பந்தம் பேசினார்கள். அதுவும் நியாயம் என்று நான் சொல்லவில்லை, பெண்ணின் வாயை அடைக்க அந்தச் சொல்லும் பயன்பட்டது. காலம் மாறும்போது ஒரே குணத்துக்கு மதிப்பெண் மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஷின்யின் சென் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சீனாவின் ஷாங்காய் நகரத்துப் பள்ளிகளில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1990இல் அங்கே கூச்சமான பிள்ளைகளைச் சக மாணவர்கள் விரும்பினார்கள், ஆசிரியர்கள் திறமையானவர்களாக மதித்தார்கள். 1998இல் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. 2002இல் அதே மாதிரிப் பிள்ளைகளை மற்றவர்கள் ஒதுக்கினார்கள், அந்தப் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளைகளின் பிறவிக்குணம் மாறியிருக்க வழியில்லை. மாறியது ஊரின் பொருளாதாரமும், முந்திப் பேசுகிறவனுக்கே இடம் என்ற புது எதிர்பார்ப்பும். நம் ஊர்ப் பள்ளிகளிலும் கேம்பஸ் இன்டர்வியூவை மனத்தில் வைத்து எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையை எடைபோடும் பழக்கம் வந்துவிட்டது. அந்த எடையில் உங்கள் மகள் குறைந்து தெரிகிறாள் என்றால் குறை அவளிடம் இல்லை.

அதற்காக விசேஷங்களுக்கு அழைத்துப் போகாமல் இருக்க வேண்டாம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுக்கிற வேலையை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பதுதான் இவர்களுக்குச் சங்கடம். செய்ய ஒரு வேலை இருந்தால் நாற்பது பேரைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லிவிடுவார்கள். அரை மணி நேரம் அப்படி நின்றபின் புத்தகத்தோடு போய் உட்காரட்டும். அத்தையோ பெரியம்மாவோ அவள் காதுபட ‘அமுக்குணி’ என்றால், நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். ‘அவ யோசிச்சுப் பேசுவா அத்தை’ என்று ஒரே வாக்கியம் போதும். அவள் காதுபடவே சொல்லுங்கள்.

மகளிடம் இந்த இங்கிலீஷ் சொல்லைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவளே கேள்விப்பட்டிருப்பாள். சொல்லலாம். சிலருக்குத் தன் இயல்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, உலகத்தில் தன்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல். ஆனால் ‘நான் இன்ட்ரோவர்ட், அதனால் செமினார் எடுக்க மாட்டேன்’ என்று அவள் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், அங்கே நிறுத்துங்கள். யுங் கொடுத்த பொருளில் இன்ட்ரோவர்ட் செமினார் எடுக்கலாம், எடுத்துவிட்டு வந்து ஓய்வெடுத்துக்கொள்ளலாம்.

சில அடையாளங்கள் தெரிந்தால் என் பதிலை நம்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வயிற்றுவலி செமினார் நாளைத் தாண்டி மற்ற நாட்களுக்கும் பரவுவது, பள்ளிக்கே போக மாட்டேன் என்பது, வீட்டில் உங்களோடும் தம்பியோடும் பேசிக்கொண்டிருந்தவள் அங்கேயும் வாயை மூடிக்கொள்வது, தோழியைத் தவிர்ப்பது, பிடித்த புத்தகம்கூடப் பிடிக்காமல் போவது, தூக்கமும் சாப்பாடும் மாறுவது, செத்துப்போகலாம் என்பது போன்ற பேச்சு. முன்பு பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேசாமல் போனால் அதற்குச் சுபாவம் காரணமாக இருக்காது. மனச்சோர்வோ, யாரோ செய்த தொல்லையோ பின்னால் இருக்கலாம். வீட்டில் சரளமாகப் பேசி, பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசாத குழந்தைகளும் உண்டு. அது பதற்றத்தால் வரும் தனிப் பிரச்சினை, சிகிச்சை இருக்கிறது. உங்கள் மகள் பள்ளியிலும் தோழியோடு பேசுகிறாள் என்றால் அந்தக் கவலை வேண்டாம்.

கூட்டத்தின் முன் நிற்கிற பயம் கூடினாலும் நல்ல சிகிச்சை உண்டு. பயத்தைத் தூண்டும் எண்ணங்களைப் பேசிச் சரிபார்த்து, மேலே சொன்னதுபோலப் படிப்படியாகப் பழக்குவார்கள். பெரும்பாலும் மருந்து இல்லாமலேயே தொடங்குவார்கள். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கும் முன்னால் போனிலேயே யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த செமினார் எப்போது என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருந்தால் இன்று மாலையே முதல் படியைத் தொடங்கலாம், நீங்களும் தம்பியும் எதிரில் உட்கார்ந்தால் போதும். அதைவிடக் குறைவாக இருந்தால், இந்த முறை மட்டும் தோழியோடு சேர்ந்து செய்ய ஆசிரியையிடம் அனுமதி வாங்குங்கள். இரண்டு மூன்று செமினார் ஆனபின் வலி எப்படி இருக்கிறது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆசிரியை என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.